மாற்றுத்திறனாளிச் சலுகைகள்: உங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது எப்படி?

"எனக்கு உதவித்தொகை கிடைக்குமா?" என்று யார் கேட்டாலும், "மாற்றுத்திறனாளிச் சான்றில் பாதிப்பு எத்தனை சதவீதம்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இந்தியாவில் பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த எண்தான் சாவி.

படி 1: பட்டியலைப் பாருங்கள்
2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைப் பாதிப்புகள் உள்ளன. ஆட்டிசம், தலசீமியா, ஹீமோஃபிலியா, பார்க்கின்சன், அமில வீச்சுப் பாதிப்பு எல்லாம் அதில் அடக்கம். கை கால் பாதிப்புக்கு மட்டும்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

படி 2: சதவீதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்
பொதுவான வரம்பு 40 சதவீதம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார்வையை அளக்கும்போது கண்ணாடி போட்ட பிறகு, நன்றாகத் தெரியும் கண் எவ்வளவு பார்க்கிறது என்பதே கணக்கு. ஒரு கண் முழுவதும் போய் மறுகண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். காதும் அப்படித்தான், இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு வேண்டும்.

இரண்டு பாதிப்புகள் இருந்தால் அப்படியே கூட்ட மாட்டார்கள். 40, 30 என்று வைத்துக்கொள்வோம். 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் 50. அதைச் சின்ன எண்ணான 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17. அதை 40உடன் சேர்த்தால் 57. எழுபது என்று எதிர்பார்த்துப் போனவருக்கு முகம் வாடத்தான் செய்யும்!

படி 3: விண்ணப்பியுங்கள்
மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்களோடு பதிவு செய்யுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனையில் பரிசோதனை. சான்றோடு யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இந்த வழியில்தான் வரும்.

படி 4: திட்டத்தோடு ஒப்பிடுங்கள்
40 இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடலாம். பழைய வருமான வரி முறையில் 80யு பிரிவின்படி 75,000 ரூபாய் கழிவும் உண்டு. 80ஐத் தொட்டால் அது 1,25,000. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கோ 80 சதவீதமும், 18 வயது நிறைந்திருப்பதும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதும் சேர்ந்தே வேண்டும். அட்டை இருக்கிறதே, பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசின் உதவித்தொகைக்கு வரம்பு வேறு. அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டதாகத் தோன்றினால் அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை அறிக்கை), ஸ்கேன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.