குளச்சல் மீன் தின்ற வாய்க்கு சுஷி: முதல் தடவை போகிறவர்களுக்கு

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, கண் குழி விழுந்திருக்கிறதா என்று கவனிக்கிற ஊர் நம்முடையது. சுஷி என்பது புளிப்பும் இனிப்பும் சேர்த்த சோற்றோடு மீன் வைத்துத் தரும் ஜப்பானிய உணவு. அந்தக் கடையில் பாதி வேலை அந்தப் பழக்கத்திலேயே முடிந்துவிடும். மீதியைத் திருவனந்தபுரத்துக்கோ கொச்சிக்கோ சென்னைக்கோ போகும் முன் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஆர்டர். எடுத்த எடுப்பில் பச்சை மீனில் இறங்க வேண்டாம். வெள்ளரி ரோல், சோற்று உருண்டை மேல் வேகவைத்த இறால் வைத்த நிகிரி, உனாகி எனும் சுட்ட விலாங்கு, இந்த மூன்றிலும் பச்சை மீன் கிடையாது. சோற்றின் புளிப்பும் இனிப்பும் பிடிபட்ட பிறகு சால்மன், அப்புறம் சூரை. ரோல் ஒரு தட்டுக்கு பெரும்பாலும் 6 அல்லது 8 துண்டு வரும், நிகிரி இரண்டு. ஒரு ஆளுக்கு ஒரு ரோலும் இரண்டு தட்டு நிகிரியும் சொல்லிவிட்டு, போதாவிட்டால் மறுபடி சொல்லுங்கள். மேசையில் காத்துக் கிடந்தால் ரோலைச் சுற்றிய நோரி எனும் கடற்பாசித் தாள் ஈரத்தில் தொய்ந்து, கடிக்கும்போது ரப்பராக இழுக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மிசோ சூப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. அதன் அடிநீர் வழக்கமாக கட்சுவோபுஷி எனும் காய்ந்த சூரையில் எடுப்பது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

தட்டில் பச்சையாக, கொத்தமல்லிச் சட்னி போல ஒரு உருண்டை இருக்கும். அது வாசாபி. மிளகளவு போதும். அதிகமாகப் போய்விட்டால் தண்ணீர் குடித்தும் பலன் கம்மி. காரம் ஏறியது மூக்கில். கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். பெரும்பாலான கடைகளில் கிடைப்பது குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் சேர்த்த கலவைதான், அசல் வாசாபிக் கிழங்கு விலை அதிகம். மெலிதாகச் சீவிய ஊறுகாய் இஞ்சியை மீன் மேல் வைக்காதீர்கள். ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் நடுவே வாய் கழுவுவது போலத் தின்பதற்கு அது.

நிகிரியைக் கையால் எடுக்கலாம், ஜப்பானிலும் அப்படித்தான் பலர் எடுக்கிறார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் வைத்துப் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்து, மீனின் நுனியை மட்டும் சோயா சாஸில் தொட்டு, மீன் நாக்கில் படும்படி ஒரே வாயில் போடுங்கள். குழம்பில் சோற்றைப் பிசைகிற பழக்கம் இங்கேதான் காலை வாரும். சோற்றுப் பக்கம் சாஸில் பட்டால் உறிஞ்சி உதிர்ந்து, கிண்ணத்தில் பருக்கை மிதக்கும், வாயில் உப்புதான் மிஞ்சும். குச்சியால் சாப்பிடுகிறவர்கள் அதைச் சோற்றில் செங்குத்தாக நட வேண்டாம். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் வேண்டாம். இரண்டுமே அங்கே சாவு வீட்டுச் சடங்கை நினைவூட்டுபவை.

கடை நல்லதா என்று சோறே சொல்லிவிடும். கையில் வைத்தால் உடம்புச் சூட்டில், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். குளிர்ந்து கெட்டிப்பட்டிருந்தால் எப்போதோ உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தது. மீனில் கவிச்சி வாடை வந்தால் தட்டைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். சூரையின் ஓரம் பழுப்பேறினால் பழசு. ஆனால் தர்பூசணி போல ஒரே சிவப்பாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. கார்பன் மோனாக்சைடு வாயு காட்டிய சூரை பழசானாலும் நிறம் மாறாது.

இனி, நம் ஊர்க்காரர்களுக்கு வருகிற ஆசை: “நம்ம கடப்புறத்திலேயே துடிக்கத் துடிக்க மீன் கிடைக்குதே, வீட்டிலேயே பச்சையா வெட்டித் தின்னா என்ன?” வேண்டாம். கறி வைக்கப் போதுமான புதுசு வேறு, பச்சையாகத் தின்னப் போதுமான பக்குவம் வேறு. அயிலை போன்ற மீன்களில் அனிசாக்கிஸ் என்ற நூல்புழு இருக்கலாம். அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ ஒட்டி நின்றுவிடும். வினிகரில் ஊறவைத்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் புழு சாகாது.

பெரிய சூரைகளில் புழு பயம் குறைவு, அங்கே சிக்கல் ஹிஸ்டமின் என்ற நஞ்சு. பிடித்த மீன் உடனே ஐஸில் போகாமல் வெயிலில் கிடந்தால் அது உருவாகும். பிறகு உறையவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. தூத்தூர்ப் படகுகள் போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி வரும்போது, தூண்டிலில் ஏறிய முதல் மணி நேரங்களில் மீனை எப்படி வைத்தார்கள் என்பதைக் கரையில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. தின்றதும் நாக்கில் மிளகு போலச் சுருக்கென்றால் நிறுத்துங்கள். முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தால் மருத்துவமனைக்குப் போய், தின்ற மீனின் பெயரைச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வெந்த வகை மட்டும்.

மிச்சத்தைப் பார்சல் கட்டி நாகர்கோவிலுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் வெள்ளரி ரோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரயிலில் வருவதற்குள் நோரி நனைந்துவிடும், தின்னலாம். பச்சை மீன் துண்டுகளை அங்கேயே தின்று முடித்துவிட்டு எழுந்திருங்கள்.