அடுக்கு பீசோ தகடு: எட்டு எண்களில் தொடங்குங்கள்

பீசோ என்பது அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள். அதன் அடுக்குகளாலான தகட்டின் அதிர்வைக் கணக்கிட, முதலில் நிலைத் திசையனை, அதாவது ஒரு மட்டத்தில் தகட்டின் நிலையைச் சொல்லும் எண்களின் பட்டியலை, எழுதுவேன்: மூன்று இடப்பெயர்ச்சி, தடிமன் திசைத் தகைவுகள் மூன்று, மின்னழுத்தம், மின் இடப்பெயர்ச்சியின் செங்குத்துக் கூறு. மொத்தம் 8. நன்றாக ஒட்டிய இடைமுகத்தில், நடுவே மின்முனை இல்லையென்றால், எட்டுமே தொடர்ச்சியானவை. ஆகவே அடுக்குக்கு ஒரு பரிமாற்ற அணி: அடுக்கின் ஒரு முகத்து எட்டு எண்களை மறுமுகத்து எட்டாக மாற்றுவது. வரிசை பிசகாமல் பெருக்கினால் சரி.

அலகுதான் வில்லங்கம். பி.இசட்.டி. என்ற பீசோ பீங்கானுக்கு, எஸ்.ஐ. அலகில், மீள்மை மாறிலி 10¹¹ அளவு, மின்காப்பு மாறிலி 10⁻⁸ அளவு. இரண்டையும் அப்படியே ஓர் அணியில் போட்டு ஒரு வாரம் குப்பை விடைகளோடு மல்லுக்கட்டினேன். மின்னழுத்தத்தை 10⁹ஆல் வகுங்கள், மின் இடப்பெயர்ச்சியை 10⁹ஆல் பெருக்குங்கள். அப்புறம் அந்தப் பெருக்கிய மின் இடப்பெயர்ச்சியையும் தகைவையும் 10¹⁰ஆல் வகுத்துவிடுங்கள்.

தடித்த அடுக்கு, உயர் அதிர்வெண் என்றால் பெருக்கலில் எண்கள் கட்டுக்கடங்காமல் வீங்கி விடை கெடும். விறைப்பு அணி முறைக்கு மாறுங்கள்: அடுக்கின் இரு முகங்களின் இடப்பெயர்ச்சி, மின்னழுத்தம் இரண்டையும் அங்குள்ள தகைவு, மின் இடப்பெயர்ச்சியோடு இணைக்கும் அணி. சரிபார்க்க, ஒரே தகட்டைக் கணக்கில் பத்து அடுக்காக வெட்டியும் கணக்கிடுங்கள். விடை மாறினால் நிரலில் பிழை.