மூட்டுவலியோடு புறவாசல் தோட்டம்

முழங்காலோ விரலோ நோகிறவர்கள் தோட்டத்துக்குக் காசு போடுவதானால், முதலில் உயரமான பாத்தி கட்டி மண்ணை மேலே ஏற்றச் செலவிடுங்கள். கருவிகளை அப்புறம் பார்க்கலாம். குத்தவைத்துக் களை எடுக்கிற வரைக்கும் எவ்வளவு நல்ல கருவியும் முழங்காலைக் காப்பாற்றாது.

8 அங்குல ஹாலோ பிளாக்கை நான்கு வரிசை கட்டினால் 32 அங்குலம் வரும். ஐந்தடி உயரமுள்ளவர் முதுகு வளையாமல் நின்று வேலை பார்க்க அது போதும். உட்புறம் 6 அடி நீளம், 2 அடி அகலம் என்றால் வரிசைக்கு 14 கல், மொத்தம் 56. பலரும் தவறுவது அகலத்தில்தான். சுவரின் கனமே 8 அங்குலம். மதிலை ஒட்டிக் கட்டிவிட்டால் கடைசிச் செடியைத் தொட 32 அங்குலம் எட்டவேண்டும், தோள் மூட்டு தாங்காது. இரண்டு பக்கமும் நடக்க இடம் விடுங்கள். இடமில்லையா, உள் அகலத்தை ஒரு அடியாகக் குறைத்துவிடுங்கள். அடி வரிசையில் இரண்டடிக்கு ஓர் இடுக்கைச் சாந்து பூசாமல் விடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் வேர் அழுகும்.

அடியில் ஓரடிக்கு உடைந்த செங்கல். மேலே செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும். இந்தப் பாத்திக்குக் கீரை, மல்லி, சின்ன வெங்காயம் பொருத்தம். வெண்டையை இதில் வைக்காதீர்கள். அது நாலடி வளர்ந்தால் காய் தலைக்கு மேலே போய்விடும். தரையில் பை வைத்து வளர்த்தால் காய் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும்.

சிறுகிழங்கு இல்லாமல் நம் தென் மாவட்டப் பக்கத்தில் பொங்கல் இல்லை. ஆனால் அதைத் தோண்டுவதுதான் மணிக்கட்டைக் கொல்லும் வேலை. பழைய அரிசிச் சாக்கின் வாயை மடித்து, ஓரடி உயரத்துக்கு அதே கலவையை நிரப்புங்கள். அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, உட்காரும் உயரத் திண்டில் வைத்து, ஆடி கடைசிக்குள் கொடித்துண்டு நடுங்கள். ஐந்து மாதத்தில் இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, சாக்கின் பக்கவாட்டைக் கிழித்தால் மண் தானே சரியும், கிழங்கைப் பொறுக்கிக்கொள்ளலாம். வெறும் மண்ணை மட்டும் நிரப்பினால் 20 லிட்டர் சாக்கே நனைந்ததும் 30 கிலோவைத் தொடும், கிழங்கும் பருக்காது.

ஒல்லியான கைப்பிடியை இறுக்கப் பிடிப்பதால் விரல் மூட்டு நோகும். களைக்கொத்தியின் பிடியில் ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு ஸ்பஞ்சு உறையை மாட்டி, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். சுற்றிப் பிடித்தால் நடுவிரல் நுனி கட்டைவிரலைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். அதைவிடத் தடித்தால் பிடி நழுவும். திருகும் குழாயை மாற்றித் தட்டித் திறக்கும் குழாய் வையுங்கள். 10 லிட்டர் பூவாளி 10 கிலோவுக்கு மேல் கனக்கும், ஹோஸ்தான் நல்லது. பறித்த காயைப் பையில் போட்டு விரலில் தொங்கவிடாமல், நார்ப்பெட்டியில் போட்டு முன்கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

காலையில் வரும் மூட்டு விறைப்பு விடுவதற்குள் சித்திரை வெயில் ஏறிவிடும். கோடையில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் இறங்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு வேலை மாற்றுங்கள். வேலை முடிந்து 2 மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது, அடுத்த முறை குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட வேறு யாரையாவது சொல்லுங்கள்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு நோய் எதிர்ப்பு குறையும். கையுறை இல்லாமல் உரத்தைத் தொடாதீர்கள், மக்குக்குழியைக் கிளறும்போது மாஸ்க் போடுங்கள். முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த இடம் சிவந்து வீங்கினால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.