மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்கு ஹெபடைடிஸ் சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்ததும் பல வீடுகளில் எழும் முதல் பேச்சு, "இருக்கிற பாடு போதாதா, இதையும் எதுக்குக் கிளறணும்?" என்பதுதான். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. ஒரு காலத்தில் இதற்குச் சிகிச்சை என்றால் இன்டர்ஃபெரான் ஊசிதான். வாரம் ஒரு ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, 24 அல்லது 48 வாரம். அதற்கு முன் மனநோயே இல்லாதவர்களைக்கூட அந்த ஊசி மனச்சோர்வில் தள்ளியது, சிலரைத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோனது. அதனால்தான் மனநோய் உள்ளவர்களுக்கு அதைத் தொடங்க மருத்துவர்களே தயங்கினார்கள்.

அந்த ஊசியின் கதையை வைத்து இன்றைக்கு முடிவெடுப்பது முதல் தவறு. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை அனுமதி பெற்ற பிறகு நிலைமையே மாறிவிட்டது. இப்போது பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரை மட்டும்தான்: சோஃபோஸ்புவிருடன் டக்ளாட்டாஸ்விர் அல்லது வெல்பட்டாஸ்விர். ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு வைரஸ் போய்விடுகிறது. தலைவலி, களைப்பு, தூக்கக் குறைவு சிலருக்கு வரலாம். மற்றபடி மனநோய் இருக்கிறது என்பது மட்டுமே சிகிச்சையை மறுக்கக் காரணமாகாது. "முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே" என்பவர்கள், அவர் எந்த வருஷம் சொன்னார், எந்த மருந்தைப் பற்றிச் சொன்னார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அதற்காக மறுநாளே மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம். ரத்தத்தில் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) 'பாசிட்டிவ்' என்று வந்தால் வைரஸ் எப்போதோ உடம்பில் நுழைந்தது என்று மட்டும்தான் பொருள். தொற்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு அது தானாகவே போய்விடும். இப்போதும் இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனைதான் சொல்லும். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் முதலிலேயே வேண்டும். இரண்டும் இருப்பவருக்கு சி வைரஸ் அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும்.

நான் மிகவும் அஞ்சும் தவறு வேறொன்று: கல்லீரல் டாக்டருக்கு மனநல மாத்திரையைப் பற்றித் தெரியாமல் இருப்பது. வெட்கத்தில் மறைக்கிறார்கள், அல்லது "அது வேற, இது வேற" என்று விட்டுவிடுகிறார்கள். இருமுனை மனநோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் கார்பமசிபின், சோஃபோஸ்புவிர் உடம்பில் சேரும் அளவைக் குறைத்துவிடும். ஃபெனிட்டாயினும் அப்படித்தான். 84 நாள் ஒழுங்காக விழுங்கியும் வைரஸ் போகாமல் நிற்கலாம். மாத்திரை அட்டையில் கம்பெனி பெயர்தான் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் பொடி எழுத்தில். அதனால் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். வயிற்று எரிச்சலுக்குச் சாப்பிடும் பான்டோபிரசோலையும் விடாதீர்கள். வெல்பட்டாஸ்விர் உடம்பில் சேர அது தடையாகும்.

இதைப் படித்துவிட்டு மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் அது இன்னும் பெரிய தவறு. மாற்ற வேண்டுமா, எதற்கு மாற்றுவது, எத்தனை வாரத்தில் குறைப்பது என்பதெல்லாம் மனநல மருத்துவர் சொல்ல வேண்டியவை. கல்லீரல் முற்றிக் கெட்டுப்போகாதவருக்கு இதற்காக ஓரிரு மாதம் காத்திருப்பதால் பெரிதாக ஒன்றும் இழப்பில்லை. மாத்திரையே விழுங்க மறுக்கும் அளவுக்கு நோய் உச்சத்தில் இருந்தாலும் அப்படித்தான், முதலில் அது அடங்கட்டும். ஆனால் "மனசு முழுசா சரியாகட்டும்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு விஷயம். கல்லீரல் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே போகும். மஞ்சள் காமாலை வரவில்லையே என்று கீழாநெல்லியோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. நாள்பட்ட ஹெபடைடிஸ் சியில் காமாலை தெரியாமலே பல வருஷம் ஓடும்.

கல்லீரல் சுருங்கிய ஒருவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, குழம்பிப் பேசினாலோ, "பழைய நோய் திரும்பிடுச்சு" என்று மனநல மாத்திரையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட நச்சு மூளையைப் பாதித்தாலும் இப்படித்தான் இருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. இப்படி முற்றியவர்களுக்குச் சில சமயம் ரிபாவிரினும் சேர்ப்பார்கள். அது எரிச்சலையும் தூக்கமின்மையையும் தரக்கூடும் என்பதால் மனநல மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள்.

செலவுக்குப் பயந்து விடுவதும் இனி தேவையில்லை. மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஹெபடைடிஸ் மாத்திரையை ராத்திரி மனநல மாத்திரையோடு ஒரே டப்பாவில் வைத்தால் மறக்காது.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து இன்னொரு வைரல் லோடு பரிசோதனை உண்டு. நோய் போய்விட்டது என்று சொல்வது அதுதான், அதைத் தவறவிடுபவர்கள் பலர். அந்த ரிசல்ட்டின் நகல் ஒன்றை மனநல மருத்துவமனை ஃபைலிலும் வையுங்கள். ஆன்டிபாடி குணமான பிறகும் பாசிட்டிவாகவே காட்டும். பின்னொரு நாள் ஏதோ ஒரு லேபில் அதைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பதற்றப்படும் மனுஷரை யாராவது மறுபடி பயமுறுத்தினால் எடுத்துக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.