கழித்தலுக்கு முன் குச்சிக் கட்டு
32-லிருந்து 15-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 23 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு இல்லை, 2-லிருந்து 5 போகாதே என்று 5-லிருந்து 2-ஐ எடுத்திருப்பார்கள். ஏழெட்டு வயதில் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் மனதில் நிற்கும். 'பக்கத்தில் கடன் வாங்கு' என்பது அவர்களுக்கு வெறும் மந்திரம்.

பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட மூன்று குச்சிக் கட்டுகள், உதிரியாக 2 குச்சிகள் கொடுங்கள். ஐந்தை எடுக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள் (கஷ்டம்தான்!). கொஞ்சம் முழித்துவிட்டு, பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது உதிரி 12. ஐந்து போனால் 7. மிச்சமுள்ள இரண்டு கட்டில் ஒன்று போனால் 17.

சில நாள் இப்படிப் போகட்டும். அப்புறம் கட்டுக்குக் கோடு, உதிரிக்குப் புள்ளி என்று வரையலாம். எண்கள் அதற்குப் பிறகு. தடுமாறினால் தயங்காமல் குச்சிக்கே திரும்புங்கள்.