ஜப்பானில் பழசைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பான் போகும் நம் ஊர்க் குழுக்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருவது என் வேலை. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் அனுப்பும் திட்டங்களைப் பார்த்தால், என் ஆரம்ப காலத் திட்டங்களை யாரோ நகலெடுத்த மாதிரி இருக்கிறது. செருப்பைக் கழற்று, ரயிலில் சத்தம் போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டோக்கியோ புதுசு, கியோட்டோ பழசு என்று பிரிப்பது

கியோட்டோவில் ரயிலை விட்டு இறங்கினால் தலைக்கு மேலே இரும்பும் கண்ணாடியும்தான். 1997-இல் திறந்த நிலையம். வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கியதும் இதே ஊரில்தான். டோக்கியோவில் ஆதிகாலத்துக் காடு போலத் தெரியும் மெய்ஜி கோயில் தோப்போ, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்கள் நட்டு வளர்த்தது.

“இது டூப்ளிகேட்” என்று ஒதுக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். 690-இல் தொடங்கிய வழக்கம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றுபோய், மறுபடி தொடர்ந்தது. 62-ஆவது முறை 2013-இல் நடந்தது, அடுத்தது 2033-இல்.

ஒசாகாவிலிருந்து ஒரு நாளை முழுதாகச் செலவழித்து ஒரு குடும்பம் அங்கே வந்திருந்தது. வேலிக்கு வெளியே நின்றால் கூரை முகடுதான் தெரியும். “என்னங்க, மரம் புதுசா இருக்கே, ஒரிஜினல் எங்கே?” என்றார் பெரியவர். தஞ்சாவூர்க் கல்லைப் பார்த்துப் பழகிய கண், அவரைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே விளக்காமல் கூட்டி வந்தவரைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே தலைமுறை தாண்டி வருவது தச்சர்களின் கைப்பழக்கம். ஒரு கட்டுமானத்தில் எடுபிடியாக இருந்தவர் அடுத்ததில் பொறுப்பெடுத்துச் செய்யலாம். கழற்றிய மரமும் வீணாவதில்லை. முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் கோயிலுக்குள் போகும் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் டோரி என்னும் தோரண வாசல்களாக நிற்கின்றன. பெரியவர் கேட்ட ‘ஒரிஜினல்’ அதுதான். அதன் கீழே நடந்துதான் வந்திருந்தார்; யாரும் காட்டவில்லை.

டோக்கியோவின் சென்சோ-ஜி கோயிலும் அப்படித்தான். 1945 குண்டுவீச்சில் எரிந்த பிரதான மண்டபம் 1958-இல் கான்கிரீட்டில் எழுந்தது. கூரை ஓடு இப்போது டைட்டானியம். கும்பிட வருகிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்த்து உலோகத்தைச் சோதிப்பதில்லை.

ஒசாகா கோட்டையில் லிஃப்டைப் பார்த்து முகம் சுளிப்பது

1931-இல் கட்டிய கான்கிரீட் கோபுரம் அது. படியேறி என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

கிமோனோ கட்டியவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள் என்று நம்புவது

பாதிப் பேரிடம் வாடகைக் கடை ரசீது இருக்கும்.

கோயா மலை மடத்தை ஓட்டலாக நினைப்பது

கோயா மலையின் புத்த மடங்களில் பயணிகள் தங்கலாம். இணையத்தில் பதிவு, அறையில் வைஃபை. சரி, ஓட்டல்தானே என்று இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் சாப்பாடு கிடையாது. மாலை ஐந்துக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஐந்தரை, ஆறுக்கெல்லாம் பந்தி. சைவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. வெளியே சாதாரண மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும், இங்கே கடற்பாசியும் காளானும்தான். அதனால் மலைக்கு ஏற்றிவிடும் கேபிள் காரின் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, மற்ற இடங்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள்.