சேதியைப் படித்ததும் வானம் பார்க்க ஏற்காடு ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு வால்மீனைக் கண்டது. வேறொரு விண்மீனின் குடும்பத்திலிருந்து நம் சூரியக் குடும்பத்துக்குள் வந்ததாக அறியப்பட்ட மூன்றாவது பொருள் என்பதால் அதற்கு 3ஐ/அட்லஸ் என்று பெயர். டிசம்பர் 19 அன்று பூமியை நெருங்கியபோதும் அது சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளியே போனது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது ஒருநாளும் பிரகாசிக்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 அக்டோபரில், சுசின்ஷான்-அட்லஸ் என்ற வால்மீன் மாலை மேற்கு வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. செய்தித் தலைப்பில் இரண்டுமே 'வால்மீன்'தான். மலை ஏறிப் பார்க்க வேண்டியது எது, வீட்டில் உட்கார்ந்து படித்தாலே போதும் என்பது எது என்று தலைப்பு சொல்லாது.

அதைச் சொல்வது மேக்னிட்யூட் என்கிற பொலிவெண். எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். சேலம் நகருக்குள் 3, மிஞ்சினால் 4 வரை கண்ணுக்குத் தெரியும். நல்ல இருட்டில் 6 வரை, பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை உள்ள 'பத்துக்கு ஐம்பது' பைனாகுலர் இருந்தால் 9 வரை எட்டலாம். செய்தியில் இந்த எண் இல்லையென்றால் அதைத் தேடிப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். வால்மீனின் பொலிவெண் மங்கலான முழு உருவத்துக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. அதனால் 6 என்று போட்டிருந்தால் கண்ணுக்கு அது 7 அல்லது 8 போலத்தான் இருக்கும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்க்க நினைப்பவர்களின் தவறு வேறு மாதிரி. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா அங்கே போனபோது அந்த ஆசை பலருக்கும் வந்தது. நள்ளிரவில் தேடினால் நம் ஊரிலிருந்து அது தெரியாது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் நிலையத்தின் விளக்குகள் நம் கண்ணுக்கு எட்டாது. வெயில் பட்டுத்தான் மின்னுகிறது. நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதன் மேல் வெயில் விழ வேண்டும். பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், விடிவதற்கு முன் அதே அளவு நேரத்திலும்தான் இந்த இரண்டும் கூடிவரும். கண் சிமிட்டாத ஒரே வெளிச்சமாக, அதிகபட்சம் ஆறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். பாதி வானத்தில் சட்டென்று மங்கி மறைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். சிவப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டினால் அது விமானம்.

நாளைப் பார்த்து ஏறுங்கள்

எரிகல் மழைக்குப் போகிறவர்கள் தேதியைப் பார்க்கிறார்கள், திதியைப் பார்ப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 12 இரவு பெர்சீட் உச்சம் என்று செய்தி வந்தது. பௌர்ணமி முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த நிலா வெளிச்சத்தில் மங்கலான எரிகற்கள் எல்லாம் கரைந்துபோகும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நாள் நல்லது. தேய்பிறையில் நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக உதிக்கும் என்பதை வைத்து, இருட்டு எத்தனை மணி வரை கிடைக்கும் என்று நாமே கணக்குப் போடலாம்.

2026 ஆகஸ்ட் 12 அமாவாசை. பெர்சீடுக்கு அதைவிட நல்ல திதி அமையாது. ஆனால் ஆகஸ்டில் சேர்வராயன் மலைமேல் தென்மேற்குப் பருவமழை மேகம் உட்கார்ந்திருக்கும். நம் மலைக்குப் பொருந்துவது டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் ஜெமினிட். பெர்சீட் எரிகற்கள் கிளம்பி வருவதுபோலத் தோன்றும் மையம் நம் வானில் 44 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. ஜெமினிடின் மையமோ இரவு 2 மணிவாக்கில் ஏறக்குறைய 70 டிகிரிக்கு வந்துவிடும். 2026-ல் அந்த இரவு வளர்பிறைப் பஞ்சமியை ஒட்டி வருவதால் நிலாவும் சீக்கிரமே மறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழிவிட்டால் போதும்.

'மணிக்கு 120' என்று செய்தியில் வரும் எண், மையம் உச்சியில் நிற்க, வானம் துளி வெளிச்சமும் இல்லாமல் இருந்தால் கிடைக்கும் கணக்கு. நகரத்து மாடியில் மணிக்கு ஐந்தாறு தெரிந்தாலே நல்ல இரவு.

உயரம் மட்டும் போதாது

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் 725 மீட்டர்தான், 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தபோது உயரத்தைவிட இருட்டும் மேகமில்லாத இரவுகளும் முக்கியமாக இருந்தன. மலைமேல் வந்ததும் நேராக லேடீஸ் சீட்டுக்குப் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கீழே சேலம் முழுவதும் ஜொலிக்கும் அழகுக்காக ஏற்பட்ட இடம் அது. அந்த ஜொலிப்புதான் வானத்துக்கு எதிரி.

சேலம் நகரம் ஏற்காட்டுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கிறது. நம் அட்சரேகையின் சொத்தும் தெற்கு வானம்தான். தென்சிலுவை நமக்கு 18 டிகிரி வரை எழும்புகிறது. வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து 31 டிகிரி வரை ஏறி, பைனாகுலரில் பிய்த்துப்போட்ட பஞ்சுருண்டைபோல நிற்கும். இவற்றைப் பார்க்க ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் முன்னிரவு சரியான நேரம். சாயங்காலம் கோடை மழை பெய்து தூசியை அடித்துக்கொண்டு போய், பத்து மணிக்கு வானம் தெளிந்தால் அந்த இரவை விடவே கூடாது. நகர வெளிச்சம் ஒரு முகட்டுக்குப் பின்னால் மறையும்படி, தெற்கு திறந்திருக்கும் இடமாகப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கிழக்கு வானத்துக்குப் பகோடா பாயிண்ட் பக்கம் நல்லது.

காபித் தோட்டத்துக்குள் இருக்கும் விடுதியை எடுப்பது இன்னொரு பிழை. சில்வர் ஓக் மரங்கள் நாலாபக்கமும் நின்று, தலைக்குமேல் ஒரு துண்டு வானத்தைத்தான் விட்டுவைக்கும். விடுதியில் அறை கேட்கும்போதே மொட்டைமாடிக்குப் போக விடுவார்களா, மாடி விளக்கை அணைப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். இருட்டைத் தேடி வனத்துறை எல்லைக்குள் இறங்க வேண்டாம். காட்டெருமை நடமாட்டம் உண்டு.

பனி படிவதும், அதற்குப் பின் நடப்பதும்

ஏற்காட்டில் தொலைநோக்கிகள் அதிகம் கெடுவது இதனால்தான். பனி மேலிருந்து விழுவதில்லை. திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. லென்ஸ் தொலைநோக்கியில் முன் லென்ஸ் முதலில் மங்கும். லென்ஸுக்குப் பதில் ஆடி வைத்த டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியில் பெரிய ஆடி குழாயின் அடியில் பத்திரமாக இருக்கும்; மேலே உள்ள சிறிய ஆடியும், கண்ணருகு வில்லையும், குறிபார்க்க உதவும் ஃபைண்டர் என்ற சிறு தொலைநோக்கியும் மங்கும்.

மங்கியதும் கைக்குட்டையை எடுத்துத் துடைக்காதீர்கள். பனியோடு படிந்திருக்கும் நுண்தூசி உப்புத்தாள்போலப் பூச்சைக் கீறிவிடும். கருப்பு யோகா பாயை வெட்டிக் குழாயின் முனையில் சுற்றி, விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் நீட்டி விட்டால் போதும். 150 மில்லிமீட்டர் தொலைநோக்கிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். அதையும் மீறிப் படிந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடிக்கலாம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வண்டிக்குள் ஆடி சூடாகவே இருக்கும். இறக்கிய கையோடு வியாழனைப் பார்த்தால் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல நெளியும். தொலைநோக்கியில் கோளாறு என்று நினைத்துத் திருகாணிகளைத் திருகிவிடுகிறார்கள். ஆறு அங்குல ஆடிக்கு முக்கால் மணி நேரம் வெளியே ஆறவிட்டாலே படம் நிற்கும்.

திரும்பும்போது நடப்பது இன்னும் மோசம். பனி படிந்த லென்ஸுக்கு மூடி போட்டுப் பெட்டியில் வைத்தால் உள்ளேயே ஈரம் தங்கி, சில வாரத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். அறைக்குள் கொண்டுபோய், மூடியைக் கழற்றி, வில்லைகளைக் கீழ்நோக்கி வைத்து மின்விசிறிக் காற்றில் ஈரம் முழுக்கப் போகும் வரை விடுங்கள். அப்புறம் மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியை மூடுங்கள். சேலம் வந்ததும் உடனே திறக்கக் கூடாது; குளிர்ந்த கண்ணாடிமேல் சமவெளியின் சூடான காற்று பட்டால் மறுபடி வியர்க்கும். இரண்டு மணி நேரம் பெட்டி மூடியே இருக்கட்டும். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தை நிறையக் குடித்துவிட்டது. சூடாக்கினால் நீலம் திரும்பும்; அந்த நிறத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு என்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

வாங்கும்போது

பெட்டியில் '525 மடங்கு' என்று அச்சிட்டிருக்கும் 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியைத் தொடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே உச்ச வரம்பு, 60-க்கு 120. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். முதலில் பத்துக்கு ஐம்பது பைனாகுலர், அடுத்து ஆறு அங்குல டாப்சோனியன் என்ற வரிசை நல்லது.

துருவத்தை நோக்கித் திருப்பும் ஈக்வட்டோரியல் தாங்கியை நம் ஊருக்கு வாங்கும் முன் யோசிக்க வேண்டும். அதைச் சேலத்தில் 11.7 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஐரோப்பிய அட்சரேகைகளை மனதில் வைத்துச் செய்த பல தாங்கிகள் அவ்வளவு கீழே இறங்காது. இறங்கினாலும் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். வடக்கே மலையடிவாரத்தை ஒட்டி வீடு இருந்தால் துருவ நட்சத்திரமே மலைக்குப் பின்னால் மறைந்துவிடலாம்.

சூரியனைப் பார்க்க, கண்ணருகு வில்லையில் திருகும் கருப்புக் கண்ணாடியைத் தரும் தொலைநோக்கிகள் உண்டு. அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். குவிந்த சூட்டில் வெடித்தால் கண் போய்விடும். சூரிய வடிகட்டி குழாயின் முன்முனையில்தான் இருக்க வேண்டும், காற்றடித்தால் கழன்றுவிடாதபடி ஒட்டுநாடா போட்டு. ஃபைண்டரின் மூடியைக் கழற்றவே கூடாது.

சந்திரயான் இறங்கிய இடத்தைப் பார்க்க

சந்திரயான்-3-இன் தரையிறங்கியான விக்ரம் நிலவின் தென் துருவத்தில் இறங்கியதாகப் பலர் சொல்கிறார்கள். இறங்கிய இடம் தெற்கு 69.37 டிகிரி, கிழக்கு 32.32 டிகிரி. துருவத்துக்கு அங்கிருந்து இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நமக்குத் தெரியாத மறுபக்கமும் அல்ல. நாம் பார்க்கும் பக்கமேதான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் நிலவு மண் கிடைக்கிறது என்பதும் சரியல்ல. அங்கே இருப்பது நிலவின் மேட்டு நிலங்களில் உள்ள அனார்த்தோசைட் வகைப் பாறை. அதை அரைத்துச் செய்த மாதிரி மண்ணில்தான் இஸ்ரோ சோதனை நடத்தியது.

இடத்தைப் பார்க்க வளர்பிறைச் சப்தமியும் அஷ்டமியும் ஏற்றவை. பௌர்ணமியில் நிழல் இல்லாமல் பள்ளங்கள் தட்டையாகிவிடும். டாப்சோனியனில் உருவம் தலைகீழாகத் தெரியும் என்பதால் 'கீழே தெற்கு' என்று தேடக் கூடாது. கருஞ்சமவெளி இல்லாமல் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடிக்கும் முனைதான் தெற்கு. 120 மடங்கு வைத்து, விளிம்பை ஒட்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் அகலமுள்ள மான்சினஸ் பள்ளத்தைப் பிடியுங்கள். அதற்குத் தென்கிழக்கே, இன்னும் விளிம்போரமாக, விக்ரம் இறங்கிய சிவசக்தி. ஆறு அங்குலத்துக்கு நிலவில் இரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் பிரிந்து தெரியாது, விக்ரமும் தெரியாது. ஆனால் அந்த மேடுகளின் மேல் காலை வெயில் ஏறுவது தெரியும்.